மூன்று பைகளில் என் பின்னல்

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி வண்டிக்குக் காத்திருக்கும்போது என் கையில் உல்லன் பின்னல் இருக்கும். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இருபத்தாறு வருடமாக நீலகிரியின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றுகிறேன். மஞ்சூரோ கூடலூரோ, எங்கே போனாலும் யாருக்காகவாவது காத்திருக்க வேண்டியிருக்கும். எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்து முடித்து ஆள் வரும்வரை, உள்ளேயிருந்து கையெழுத்து வரும்வரை, சில நாள் மழை விடும்வரை. அந்தக் காத்திருப்பும் வீட்டில் உட்காரும் நேரமும் சேர்ந்து வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குல்லா, இரண்டு மூன்று ஸ்வெட்டர், ஒரு சால்வை என்று ஆகிவிடுகிறது.

பின்னக் கற்றது 1982இல், ஆறாம் வகுப்பில். பள்ளிக்கு வாங்கிய ஊசியை வீட்டில் தொடக்கூடாது என்று அம்மா எடுத்து வைத்துவிட்டு, சைக்கிள் கம்பி இரண்டைக் கல்லில் தேய்த்துக் கொடுத்தார். அதில்தான் முதல் மஃப்ளர்.

"இவ்வளவு அலைச்சல், கூடவே சர்க்கரை வேற. எப்படி முடியுது?" என்று பலர் கேட்கிறார்கள். முடியாமல் போன காலமும் உண்டு. மணிக்கட்டு போய் ஆறு வாரம் ஊசியையே தொடாமல் இருந்திருக்கிறேன். அதைவிடப் பெரியது, பின்னலால் ஒரு தோழியை இழக்கப் பார்த்தேன். அதற்குப் பிறகு கண்டுபிடித்ததுதான் மூன்று பைக் கணக்கு. விஷயம் இதுதான்: ஒரே வேலையை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரு பை, வீட்டு நாற்காலிக்கு ஒரு பை, நாலு பேரோடு உட்காரும்போது எடுக்க ஒரு பை. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குப் போகாது.

பயணப் பை

இதற்குள் போகும் வேலையைப் பார்க்காமலே பின்ன வர வேண்டும், மடியில் அடங்க வேண்டும், பஸ்ஸில் மறந்து விட்டுவிட்டாலும் இரண்டு நாள் தூக்கம் போகக்கூடாது. அதனால் என் பயணப் பையில் எப்போதும் குல்லாதான். அளவை அப்படியே சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

நடுத்தரக் கனமுள்ள உல்லன் நூல் 80 கிராம். ஊசி 4 மி.மீ., பார்டருக்கு மட்டும் 3.25 மி.மீ. இரண்டும் 40 செ.மீ. வட்ட ஊசியாக, அதாவது இரண்டு முனையையும் வளையும் வடம் ஒன்று இணைக்கும் ஊசியாக இருக்கட்டும். நீள ஊசி பக்கத்து சீட்டுக்காரர் விலாவில் குத்தும், பின்னிய பாரமெல்லாம் மணிக்கட்டிலேயே தொங்கும். வட்ட ஊசியில் பாரம் மடியில் கிடக்கும். 108 கண்ணி ஏற்றுங்கள் (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி). மனதில் நிற்கும் எண், நாலால் வகுபடும், ஒன்பதாலும் வகுபடும். வட்டமாகச் சேர்த்து இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று 5 செ.மீ. பார்டர். பிறகு 4 மி.மீ. ஊசிக்கு மாறி, தொடக்கத்திலிருந்து 15 செ.மீ. வரும்வரை வெறும் நிட். அதன் பின் உச்சி. பத்து நிட் போட்டு அடுத்த இரண்டை ஒன்றாக்குங்கள், வட்டம் முழுக்க இப்படியே. அடுத்த வட்டம் வெறுமனே. அதற்கடுத்தது ஒன்பது நிட், இரண்டை ஒன்றாக்கு. இப்படி வட்டம் விட்டு வட்டம் குறைத்து 18 கண்ணி மிஞ்சும்போது, எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஒன்பது. நூலை வெட்டி அந்த ஒன்பதுக்குள் கோத்து இழுத்துக் கட்டினால் குல்லா.

இதில் பயணத்துக்கு உரியது நடுவில் இருக்கும் அந்த 10 செ.மீ. மட்டும்தான். என் நூலில் 10 செ.மீ. என்பது 30 வட்டம், அதாவது 3,240 கண்ணி. நிமிடத்துக்கு 25, 30 கண்ணி போகும் கைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பார்டரையும் உச்சியையும் வீட்டிலேயே வைத்துக்கொள்வேன். எண்ண வேண்டிய இடம் எதுவும் பையில் ஏறாது. அளவு குறைந்ததும் வட்ட ஊசி எட்டாது, இரண்டு முனையும் கூரான சின்ன ஊசிகள் நாலைந்து வேண்டும். அதில் ஒன்று ஓடும் வண்டியில் கீழே விழுந்தால் சீட்டுக்கு அடியில் உருண்டு போயே போய்விடும்.

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போவது எனக்குப் பின்னலுக்கென்றே வாய்த்த பயணம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அசைவு ஒரே தாளத்தில் இருக்கும். வெலிங்டன், அருவங்காடு தாண்டிக் கேத்தி வரும்போது பள்ளத்தாக்கு முழுக்கத் திறந்துகொள்ளும். நாம் பிடித்திருக்கும் போனி கம்பெனி ஊசிகள் அந்தக் கேத்தியில்தான் உருவாகின்றன. 1949இலிருந்து அங்கே ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதெல்லாம் கையில் இருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

மலைப் பஸ் அப்படியில்லை. ஓடும்போது பின்னவே பின்னாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் கண்ணைக் கையில் வைத்தால் பத்தே நிமிடத்தில் வயிறு புரட்டும். சடன் பிரேக் போட்டால் ஊசி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 வளைவு. அங்கே ஒருமுறை பின்னிப் பார்த்து, மசினகுடி போய்ச் சேர்ந்த பிறகு பாலிசி பேசக்கூட முடியாமல் திண்ணையில் படுத்திருந்தேன். மேட்டுப்பாளையம் இறங்கி சமவெளி ரோட்டுக்கு வந்த பிறகு பையைத் திறங்கள், போதும்.

மகளைப் பார்க்கச் சென்னைக்கு இரவு ரயிலில் போவது வேறு மாதிரி. பத்து மணிக்கு மற்றவர்கள் விளக்கை அணைப்பார்கள், அணைக்கட்டும். படிக்கும் சின்ன விளக்கில் கறுப்பு, கருநீல நூல் பின்னினால் கண்ணி தெரியாது, கண்தான் வலிக்கும். ரயிலுக்கென்றால் வெளிர் நிறத்தை எடுத்துப் போங்கள்.

விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சோதனையில் நிற்பவர் சொல்வதே முடிவு. ஒருமுறை ஒரு விமான நிலையத்தில் என் நீள ஸ்டீல் ஊசியைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஊசியில் பாதிச் சால்வை, 210 கண்ணி. பின்னால் வரிசை நிற்கிறது. நல்லவேளை, பையில் உல்லன் தைக்கும் மொட்டை ஊசியும் கொஞ்சம் காட்டன் நூலும் இருந்தன. ஒவ்வொரு கண்ணியாக அதில் கோத்து மாற்றி, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டுவிட்டு ஸ்டீல் ஊசியைக் கொடுத்தேன். அந்தப் பெண் அதிகாரி பொறுமையாக நின்றார். எங்கள் பாட்டியும் பின்னுவார் என்றார். அன்றிலிருந்து கையில் மூங்கில் வட்ட ஊசி மட்டும், ஸ்டீலும் கத்தரியும் லக்கேஜில். நூலைத் தேவையான இடத்தில் முன்பே வெட்டி வைத்துவிடுவேன். மொட்டை ஊசியும் இரண்டு மீட்டர் காட்டன் நூலும் பையின் உள்பாக்கெட்டில் எப்போதும் இருக்கும்.

ஊருக்குப் போகும்போது இணையத்தில் பார்த்த டிசைனை எடுத்துப்போகிறீர்கள் என்றால் ஊசி எண்ணைக் கவனியுங்கள். நம் கடைகளில் சொல்லும் பழைய நம்பர் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 8ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25. அமெரிக்கக் கணக்கு நேர்மாறு, எண் கூடினால் தடிமன் கூடும். அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. இது தெரியாமல் தங்கை பேரனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். மார்புச் சுற்று 70 செ.மீ. வர வேண்டியது 57இல் நின்றது. பிள்ளையின் தலைகூட நுழையவில்லை. அதிலிருந்து நம்பர் பார்ப்பதே இல்லை, மில்லிமீட்டர் மட்டும்தான்.

கை, கண், கழுத்து

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

நான்கு வருடம் முன்னால், மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது என்று ஒரே மாதத்தில் குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒரு போர்வை, சாக்ஸ் எல்லாம் முடிக்க உட்கார்ந்தேன். தினம் ஆறு மணி நேரம். மூன்றாவது வாரம், வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கம் ஒரு சுருக்கென்ற வலி. தைலம் தேய்த்துக்கொண்டு தொடர்ந்தேன். ஒரு காலையில் பால் குக்கரைத் தூக்க முடியவில்லை. சாவியைத் திருப்ப முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மேலே மற்ற விரல்களை மூடச் சொல்லி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்க்கச் சொன்னார். உயிர் போனது. அதற்கு டி கெர்வேன் என்று பெயர். கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன, அந்த உறை தடித்துப்போய் இறுக்குகிறது. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையோடு ஆறு வாரம் இருந்தேன். பேத்தியை முதன்முதலில் இடது கையில்தான் வாங்கினேன்.

அதனால் சொல்கிறேன், சுருக்கென்றதும் நிறுத்துங்கள். வலியோடு ஒரு வரிசைகூடப் போட வேண்டாம். கட்டைவிரல் அடியில் வலி என்றால் மேலே சொன்னதாக இருக்கலாம். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். மடக்கிய விரல் அப்படியே நின்று டக்கென்று விடுபட்டால் அதுவும் தசைநாண் கோளாறுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு இவை வர வாய்ப்பு அதிகம். டாக்டரைப் பாருங்கள், என்ன பின்னுகிறீர்கள், எத்தனை மணி நேரம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். வலிக்கு ஊசி போடலாம் என்றால் சர்க்கரை இருப்பதையும் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

இப்போது என் முறை இப்படி. அடுப்படி டைமரை இருபது நிமிடத்துக்கு வைப்பேன். அடித்ததும் வரிசையின் நடுவில் இருந்தாலும் கீழே வைத்துவிடுவேன். ஐந்து நிமிடம் எழுந்து, விரல்களை விரித்து, தோளைப் பின்னால் உருட்டி, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு மணி நேரம், பண்டிகையானாலும் அவ்வளவுதான். "இந்த வரிசையை முடிச்சிட்டு" என்று சொல்லத் தொடங்கினால் அது பத்து வரிசையாகும் என்பது பின்னுகிற எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, இடைவேளையில் போனை எடுக்காதீர்கள். திரையைத் தள்ளுவதும் அதே கட்டைவிரல்தான், அதற்கு அது ஓய்வே ஆகாது.

நூலும் கையைத் தீர்மானிக்கும். உல்லனும் அக்ரிலிக்கும் இழுத்தால் கொடுக்கும், காட்டன் கொடுக்காது. ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்தான் இடம் விட்டாக வேண்டும். காட்டன் பின்னும் நாளில் டைமரைப் பன்னிரண்டு நிமிடமாகக் குறைத்துக்கொள்வேன். இறுக்கமாகப் பின்னும் பழக்கம் உள்ளவர்கள் ஊசியைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் பெரிதாக்கிப் பாருங்கள். கை தானாகவே தளரும். ஸ்டீல் வேகமாக வழுக்கும், மூங்கில் கொஞ்சம் பிடிக்கும். குளிர்காலக் காலையில் ஸ்டீல் விரலைச் சில்லிட வைக்கும், அப்போது மூங்கிலே மேல். கண்ணி நழுவும் என்ற பயத்தில் ஊசியை நெரித்துப் பிடிப்பவர்களுக்கும் மூங்கில்தான்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு சின்ன விஷயம், எந்த டாக்டரும் இதைச் சொல்ல வாய்ப்பில்லை. வீட்டில் ரத்தம் குத்திப் பார்க்கும்போது நூல் ஓடும் விரலை விட்டுவிடுங்கள். எனக்கு நூல் வலது ஆள்காட்டி விரலில் சுற்றிப் போகிறது. குத்திய இடத்தில் உல்லன் உரசினால் நாள் முழுக்க எரியும். இடது கை மோதிர விரல், சுண்டுவிரல், அதிலும் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துகிறேன். அப்புறம், சாப்பிட்டவுடன் ஊசியை எடுப்பதில்லை. பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்துதான் உட்காருவேன். பின்னும் நாற்காலிக்குப் பக்கத்தில் வர்க்கி டப்பா வைக்கும் பழக்கத்தையும் விட்டேன். குன்னூர்க்காரிக்கு அது லேசான காரியம் இல்லை.

கழுத்துக்கு ஒரு தலையணை போதும். மடியில் தலையணை, அதன் மேல் முழங்கை, அதன் மேல் வேலை. கழுத்து குனியும் அளவு குறையும். வெளிச்சம் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும்.

வீட்டுப் பை

நாற்காலிக்குப் பக்கத்துக் கூடையில் இருப்பது என் சொந்த வேலை, யாருக்காகவும் இல்லாதது. ஆர்டர், பரிசு, பிறந்தநாள் எதுவும் அந்தக் கூடைக்குள் வராது. இதை விட்டுக்கொடுத்த இரண்டு வருடம் நான் வெறும் கையாகத்தான் இருந்தேன், பின்னல்காரியாக இருக்கவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூரில் வடகிழக்கு மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் எப்போது மண் சரியும் என்று தெரியாது, வெளியூர் வேலை குறையும். பெரிய வேலைகளை அந்த மூன்று மாதத்துக்கு வைத்துக்கொள்கிறேன். போன மழைக்கு ஒரு சால்வை. ரயிலிலிருந்து தெரியும் தேயிலைச் சரிவு, கவாத்து வெட்டிய பிறகு மேட்டைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் வரிகள், அதைக் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. முதலில் இரண்டு பச்சையை மாற்றி மாற்றிக் கோடு போட்டேன். பாய் மாதிரி இருந்தது. அடுத்து வளைவுக்காக ஓரத்தில் கூட்டி நடுவில் குறைத்தேன், அது மலை ஆகவில்லை, ரம்பப் பல் ஆனது. ஐந்தாவது மாதிரியில்தான் பிடிபட்டது: வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்பி வந்துவிட வேண்டும். 120 கண்ணியில் 80 வரை போய்த் திரும்பு, அடுத்து 60 வரை, அடுத்து 40 வரை. ஒரு பக்கம் மட்டும் வரிசைகள் கூடிப்போகும்போது துணி தானாகவே வளைந்துகொடுத்தது. மறுபடி முழு வரிசை ஒன்று அடர்பச்சையில் போட்டதும் சரிவின் விளிம்பு வந்துவிட்டது. அந்த இரவு மின்சாரம் இல்லை. மெழுகுவத்தியில் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொந்தமாகச் செய்ய விரும்புகிறவர்கள் மாதிரித் துண்டுக்குச் சலிக்காதீர்கள். 15 செ.மீ. சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். ஓரம் எப்போதும் பொய் சொல்லும். துவைக்கும் முன் எண்ணினால் அதுவும் பொய். எண்ணியதை ஒரு நோட்டில் நூல் துணுக்கோடு ஒட்டி வையுங்கள். என்னிடம் இப்படி ஏழு நோட்டு இருக்கிறது, அதில் இரண்டு முழுக்கத் தோல்விகள். அதிகம் புரட்டுவது அந்த இரண்டைத்தான்.

சிக்கலான டிசைனில் இறங்கும்போது விமான நிலையத்தில் செய்ததையே வீட்டிலும் செய்கிறேன். சரியாக இருக்கும் வரிசையில், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் வேறு நிறக் காட்டன் நூல் ஒன்றைக் கோத்து அப்படியே விட்டுவிட்டு மேலே பின்னுவது. தப்பு வந்து பிரித்தால் அந்த நூலில் வந்து நிற்கும், அதற்குக் கீழே ஒரு கண்ணியும் போகாது. நான் இதைக் காப்பு நூல் என்பேன். இருபது வரிசைக்கு ஒன்று போட்டால் நிம்மதி.

முடித்தவற்றை வைக்கும் பெட்டியில் வசம்பு போட்டு வையுங்கள். பூச்சி ஆட்டு ரோம உல்லனைத்தான் தேடி வரும், அக்ரிலிக்கைச் சீண்டாது. ஆனால் மழைக்காலத்தில் இரண்டுமே மக்கு வாடை பிடிக்கும். வெயில் அடிக்கும் முதல் நாளே எடுத்து உதறுங்கள்.

தோழிப் பை

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மதியம் நாங்கள் ஐந்து பேர் சிம்ஸ் பூங்காவில் சேர்வோம். மழையென்றால் யார் வீட்டிலாவது. ஒருவர் குரோஷா, ஒருவர் எம்பிராய்டரி, ஒருவர் எதுவுமே செய்யாமல் சுண்டலோடு வருவார்.

மூன்று வருடம் முன்பு அப்படியொரு சனிக்கிழமை, கோத்தகிரியிலிருந்து வரும் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு இரண்டு வயது மூத்தவர், முப்பது வருடப் பழக்கம். நான் அன்று வடம் முறுக்கும் டிசைன் பின்னிக்கொண்டிருந்தேன். ஆறு கண்ணியில் மூன்றை முன்னால் தனி ஊசியில் நிறுத்தி, அடுத்த மூன்றைப் பின்னி, நிறுத்தியதைத் திரும்பப் பின்னுவது. எண்ணிக்கை தவறினால் எட்டு வரிசை போகும்.

"ஸ்கேன் எடுத்தாங்கம்மா..." என்று தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்க்கா, எண்ணிட்டிருக்கேன்" என்றேன்.

எண்ணி முடித்து நிமிர்ந்தபோது அவர் பூங்காவின் அந்தப் பக்கத்து ருத்திராட்ச மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா சொன்னீங்க?" என்றேன். "ஒண்ணுமில்லடா, அப்புறம் சொல்றேன்" என்றார். பதினோரு நாள் கழித்து வேறொருவர் வாயால்தான் தெரிந்தது, மார்பில் கட்டி, கோயம்புத்தூரில் ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள் என்று. போன் செய்தால் அவர் மகன் எடுத்தான். அடுத்த இரண்டு மாதமும் அவன்தான் எடுத்தான்.

அந்த வடம் போட்ட ஸ்வெட்டரை நான் முடிக்கவில்லை. பிரித்து உருண்டையாகச் சுற்றி வைத்துவிட்டேன்.

அதனால் மூன்றாவது பையில் எண்ண வேண்டிய எதுவும் கிடையாது. போக வர எல்லாமே நிட், 40 கண்ணி, மஃப்ளர். எந்த இடத்தில் பாதியில் விட்டாலும் திரும்ப எடுக்கலாம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னலாம். யாராவது குரலைத் தாழ்த்தினால் மடியில் வைத்துவிடலாம். புதிதாகப் பின்னக் கற்றவர்களிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். நாலு பேர் நடுவில் உங்கள் திறமையைக் காட்டும் வேலையை எடுக்காதீர்கள், அது உங்களை அங்கே இருக்க விடாது.

நட்பைக் கெடுக்கும் இன்னொன்று, முடியாததைப் பின்னித் தருகிறேன் என்று ஒத்துக்கொள்வது. ஒரு பெரியவர் ஸ்வெட்டர் என்றால் சுமார் 60,000 கண்ணி. என் வேகத்துக்கு 40 மணி நேரம், என் கையின் கணக்கில் இருபது நாள். கேட்பவருக்கு இது தெரியாது, தெரிந்திருக்கவும் நியாயமில்லை. முன்பெல்லாம் தலையாட்டிவிட்டு, ஆறு மாதம் அவர் எதிரில் வந்தால் வேறு சந்துக்குள் போய்விடுவேன். இப்போது அங்கேயே சொல்லிவிடுகிறேன்: "ஸ்வெட்டர் இந்த வருஷம் முடியாதுங்க. குல்லா வேணும்னா தர்றேன், கலர் மட்டும் நீங்க சொல்லுங்க." பயணப் பையில்தான் எப்போதும் ஒரு குல்லா ஓடிக்கொண்டிருக்கிறதே! இதுவரை யாரும் கோபித்ததில்லை.

அக்காவிடம் திரும்பப் போனது பின்னலை வைத்துத்தான். ஆபரேஷன் முடிந்தவர்கள் பிராவுக்குள் வைத்துக்கொள்ளக் காட்டன் நூலில் மார்பு வடிவம் பின்னித் தருகிறார்கள் என்று படித்தேன். பல நாடுகளில் தன்னார்வலர்கள் இதைப் பின்னி இலவசமாகக் கொடுக்கிறார்கள், இந்தியாவிலும் உண்டு. பின்னும் முறை இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். மெல்லிய, மிருதுவான காட்டன், 3 மி.மீ. அளவில் இரண்டு முனை கூரான ஊசிகள். முன்பக்கம் கூம்பாகக் குவிந்து வரும், பின்பக்கம் தட்டை. உள்ளே தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு. உல்லன் கூடாது, தழும்பில் அரிக்கும். முடிச்சும் நூல் முனையும் தோல் படும் பக்கம் வரக்கூடாது. பின்பக்கத்தை முழுக்க மூடாமல் ஒரு சின்ன வாய் விட்டு நூலால் சுருக்கிக் கட்டுங்கள். பஞ்சைக் கூட்டவோ குறைக்கவோ அவரே திறந்துகொள்ளலாம், துவைக்கும்போது எடுத்துவிடலாம். புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அணிய வேண்டும்.

பன்னிரண்டு பன்னிரண்டு நிமிடமாக, ஒன்பது நாளில் இரண்டு பின்னினேன். ஒன்று தோல் நிறம், ஒன்று வெளிர் ரோஜா. கோத்தகிரிக்குக் காலை வண்டியில் போய், முன்னறிவிப்பு இல்லாமல் வாசலில் நின்றேன். அக்கா கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு, என் கையைப் பார்த்தார். கையில் ஊசி இல்லை.

"உள்ள வா" என்றார்.

பொட்டலத்தைப் பிரித்து, கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடம் இருக்கும். நடுவில் ஒருமுறை கதவைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு பிடிப் பஞ்சை வெளியே நீட்டினார். "கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது சேலையை நேராக இழுத்து விட்டுக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு என் எதிரில் உட்கார்ந்து, அந்த ஸ்கேன் நாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் ஆனது.

கிளம்பும்போது, "எனக்கு அடுத்த பெட்டுல ஒரு பொண்ணு இருந்துச்சு, சின்ன வயசு. அதுக்கும் ஒண்ணு பின்றியா? அளவு நான் கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சிம்ஸ் பூங்காவுக்கு வந்தார். ஒரு கண்டு வெளிர் ரோஜாக் காட்டனைத் தன் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு என் எதிரில் உட்கார, நான் உருண்டை சுற்றினேன். சுற்றி முடிக்கும்வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார்.